விழுக்காட்டுக்குள் அடங்காத பிள்ளைகள்

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு வியாழக்கிழமையில், இங்கிலாந்து நாட்டின் 16 வயது மாணவ மாணவியர் தங்கள் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடிவுகளைப் பெறுகிறார்கள். அவர்கள் மகிழ்ந்து குதிக்கும் படங்கள் மறுநாள் செய்தித்தாள்களை நிறைக்கின்றன. சில நாள்களில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளாட்சி மன்றங்களின் கல்வித் துறைகளில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. தங்கள் எல்லைக்குட்பட்ட உயர்நிலைப் பள்ளிகளின் முடிவுகளைத் திரட்டி, முந்தைய ஆண்டோடும் நாட்டின் சராசரியோடும் ஒப்பிட்டு, மன்ற உறுப்பினர் குழுவின் முன் அறிக்கையாக வைக்கிறார்கள். அந்த அறிக்கையின் எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைச் சற்றே சிந்திப்போம்.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988ஆம் ஆண்டு முதன்முறையாக நடத்தப்பட்டது. 1992 முதல் பள்ளிவாரியான முடிவுகள் பட்டியலாக வெளியிடப்பட்டன. குறைந்தது ஐந்து பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்றவர்கள் எத்தனை விழுக்காடு என்பதே பல ஆண்டுகள் முதன்மையான அளவுகோலாக இருந்தது.

எளிதில் புரியும் கணக்குதான். ஆனால் அளவுகோல் அளப்பதோடு நின்றுவிடுவதில்லை. அளக்கப்படுவோரின் நடத்தையையும் அது மாற்றிவிடுகிறது. 'டி' தரத்தில் நிற்கும் மாணவர் 'சி'க்கு உயர்ந்தால் பள்ளியின் விழுக்காடு கூடும். 'ஜி'யில் இருந்த பிள்ளை அரும்பாடுபட்டு 'இ'க்கு வந்தாலோ பட்டியலில் எந்த அசைவும் தெரியாது. எனவே கோட்டின் அருகில் நின்றவர்களுக்குச் சிறப்பு வகுப்புகள் கிடைத்தன. வெகு கீழே இருந்தவர்கள்மீது கவனம் குறைந்தது.

வேறொரு வழியும் இருந்தது. ஜி.என்.வி.க்யூ. என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் ஒன்று நான்கு ஜி.சி.எஸ்.இ. பாடங்களுக்குச் சமமாக எண்ணப்பட்டது. அதில் பிள்ளைகளைச் சேர்த்தால் விழுக்காடு விரைவாக உயரும். 2006ஆம் ஆண்டின் முடிவுகளிலிருந்து, அந்த ஐந்தில் ஆங்கிலமும் கணிதமும் அடங்கவேண்டும் என்ற அளவுகோல் வந்தபோது பல பள்ளிகளின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. பள்ளியின் பெயரை உயர்த்திய சான்றிதழ்கள் எல்லாமே பிள்ளையின் வாழ்வையும் உயர்த்திவிடவில்லை என்பதை, 2011இல் பேராசிரியர் ஆலிசன் வுல்ஃப் அரசுக்கு அளித்த அறிக்கை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது.

தொடங்கிய இடமும் கணக்கில்

2016இல் 'புரோகிரஸ் 8' என்ற புதிய அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. 11 வயதில் ஒரே நிலையில் இருந்த மாணவர்கள் நாடு முழுவதும் 16 வயதில் எங்கே சென்றடைந்தார்கள், இந்தப் பள்ளியின் மாணவர்கள் எங்கே சென்றடைந்தார்கள் என்று எட்டுப் பாடங்களை வைத்து அது ஒப்பிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு தரமும் இதில் கணக்கில் சேர்கிறது. எனினும் வீட்டின் வறுமையை இது கணக்கில் எடுப்பதில்லை.

பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் 11 வயதினருக்கான தேர்வுகள் நடைபெறவில்லை. ஆகவே 2025, 2026 ஆண்டுகளின் ஜி.சி.எஸ்.இ. மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட வழியில்லை. அதே 2020, 2021இல் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகளும் இரத்தாகி, ஆசிரியர்களின் மதிப்பீட்டின்படி தரங்கள் வழங்கப்பட்டன. இதை மறந்து ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் பார்ப்பவர்கள் தவறான முடிவுக்கே வருவார்கள்.

கடைசி இடத்திலிருந்து

மறுஆய்வு என்பது குறை காண்பதற்கு மட்டுமல்ல. கிழக்கு இலண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1997இல் இங்கிலாந்தின் 149 கல்வி நிர்வாகப் பகுதிகளுள் அதுவே கடைசி. நாட்டில் 43 விழுக்காட்டினர் ஐந்து நல்ல தரங்கள் பெற்றபோது, அங்கே 26 விழுக்காட்டினரே பெற்றனர். வங்காளதேசத்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பெருமளவில் படித்தனர். "இந்தச் சூழலில் இவ்வளவுதான் முடியும்" என்று கைவிரிப்பது எளிதாக இருந்திருக்கும்.

அப்போது கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்ற கிறிஸ்டின் கில்பர்ட் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றமும் தனித்தனியே கவனிக்கப்பட்டது. நல்ல ஆசிரியர்களைக் கொண்டுவரவும் தக்கவைக்கவும் முயற்சிகள் நடந்தன. பள்ளி நடக்கும் காலத்தில் குடும்பத்தோடு நெடுநாள் சொந்த நாட்டுக்குச் சென்றுவிடும் பழக்கத்தைக் குறைக்கப் பெற்றோரோடும் பள்ளிவாசல்களோடும் பேசினார்கள். போதிய நிதியும் கிடைத்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அப்பகுதி நாட்டின் சராசரியைத் தாண்டியது. வறுமை நீங்கிவிடவில்லை, ஆனால் வறுமையைச் சாக்காகச் சொல்வது நின்றது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இனி, நாம் அதிகம் கேட்காத ஒரு கேள்வி. இந்த எண்களில் யார் இல்லை? இறுதியாண்டின் ஜனவரி மாதக் கணக்கெடுப்பில் பள்ளியின் பதிவேட்டில் இருப்பவர்களே அப்பள்ளியின் முடிவுகளில் சேர்க்கப்படுகிறார்கள். அதற்கு முன்பே பெயர் நீக்கப்பட்ட பிள்ளை தேறினாலும் தவறினாலும் பள்ளியின் கணக்கில் வராது. வெளியேற்றப்படும் பிள்ளைகளின் தேர்வு முடிவுக்கும் அந்தப் பள்ளியே பொறுப்பேற்க வேண்டும் என்று 2019இல் எட்வர்ட் டிம்ப்சன் அறிக்கை பரிந்துரைத்தது.

அறிக்கையின் பின்பக்கங்களில் மற்றொரு சிறிய வரி இருக்கும். பெற்றோரின் பராமரிப்பில் வாழ இயலாமல், உள்ளாட்சியின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளின் முடிவுகள் அவை. நாட்டின் சராசரிக்கும் அவர்களது நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆண்டுதோறும் பெரிதாகவே இருக்கிறது. அவர்கள் எந்தப் பள்ளியில் படித்தாலும் அவர்களது கல்வியைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரை ஒவ்வோர் உள்ளாட்சியும் நியமிக்கவேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. மற்ற வரிகளைப் பற்றிப் பள்ளிகளிடம் விளக்கம் கேட்கும் மன்ற உறுப்பினர்கள், இந்த ஒரு வரியின் முன் தாங்களே பதில் சொல்லவேண்டியவர்கள். ஏனெனில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் இடத்தில் இருப்பது அந்த மன்றமே.

எண்கள் தேவைதான். எண்கள் இல்லையென்றால் டவர் ஹாம்லெட்ஸின் அவலம் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் தேர்வு முடிவுகளைக் கையில் எடுக்கும்போது எந்தப் பள்ளி முதலிடம் என்று மட்டும் தேடாமல், எந்தப் பிள்ளை எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் நடந்துவந்தது, எந்தப் பிள்ளை வழியிலேயே விடுபட்டது, அதற்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்போம். முதலிடம் பெற்ற பிள்ளையை ஊரே கொண்டாடும். விடுபட்ட பிள்ளைக்காகக் கேள்வி கேட்கவும் சிலர் வேண்டும்.