பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ

"சமையல் ஆச்சா?" என்று கேட்க ஆளில்லாத ஊரில், கைக்குழந்தையோடு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வெளிநாடு போகும் பெண்களுக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் திருமுடிவாக்கத்திலேயே அப்படிப் பலர் இருக்கிறார்கள். அதற்கு வருமுன் லண்டன் சமாசாரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மா பெண் 1994-ல் கல்யாணமாகி லண்டனில் சௌத்தால் பகுதிக்குப் போனாள். தடுக்கி விழுந்தால் பஞ்சாபிக் கடைதான் என்று கடிதம் எழுதுவாள். ஆனாலும் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் ஈ, காக்காய் இருக்காது. அவளுக்குத் துணையாக இருந்தது சன்ரைஸ் ரேடியோ. 1989 நவம்பரில் அந்தச் சௌத்தாலிலேயே தொடங்கிய நிலையம், இருபத்துநாலு மணி நேரமும் நம் பக்கத்து ஜனங்களுக்காகவே ஒலிபரப்பியது. அப்போது அது ஏ.எம்., அதாவது நம் பழைய மீடியம் வேவ். "பாஷை பாதி புரியலைடி. ஆனா லதா குரல் கேட்டா நம்ம வீட்டுக் கூடத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

மீடியம் வேவ் என்றதும் இலங்கை வானொலி ஞாபகம் வருகிறதல்லவா? பகலில் இந்த அலை பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் ஓடும். பொழுது சாய்ந்தபின் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். ராத்திரியில் எந்தெந்த ஊர் நிலையமோ ஒன்றோடொன்று கலந்து கரகரக்கும். அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்ததும் சும்மா இல்லை. உள்ளே இருக்கும் ஏரியல், நிலையம் இருக்கும் பக்கத்தைப் பொறுத்துத்தான் இழுக்கும்.

சன்ரைஸ் வருவதற்கு முன்பே, 1965-ல் பி.பி.சி. குடியேறியவர்களுக்காக இந்தியும் உருதும் கலந்த நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆங்கிலம் பேசவும் அந்த ஊரில் பிழைக்கவும் சொல்லிக்கொடுப்பது அதன் நோக்கம். 1977-ல் டெலிவிஷனில் 'கர்பார்' என்று பெண்களுக்கென்றே ஒன்று வந்தது. பாட்டு மட்டும் போதாது, பக்குவமும் சொல்ல வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்!

இனி நம் ஊர். இங்கே சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்ய ஒடிசா, பீகாரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் வரிசையாக ஒற்றை அறைகள். அதில் ஒரு ஒடியாப் பெண்ணின் பத்து மாதக் குழந்தைக்குப் போன சித்திரையில் வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துத் தமிழில் மளமளவென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிட்டாள். நல்ல வேளை, குழந்தை வாயில் வைக்கும்முன் நான் பார்த்தேன். ஒரு லிட்டர் பொட்டலத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கெட்டியாகக் கொடுத்தால் உடம்பில் உப்பு ஏறி ஆபத்தில் கொண்டுவிடும். கரைத்தது இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இதையெல்லாம் கையாலும் கண்ணாலும் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு!

அவள் பாஷையில் ஒரு குரல் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. குர்கானில் 2009-ல் தொடங்கிய 'குர்கான் கி ஆவாஸ்' என்ற சமுதாய வானொலி, பிழைக்க வந்தவர்களின் போஜ்புரிப் பாட்டையும் சேர்த்தே ஒலிபரப்பியது. சமுதாய வானொலி நம்மூருக்கும் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே வந்துவிட்டது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் அனுமதி கேட்கலாம். சின்ன நிலையம்தான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். தொழிற்பேட்டைக்கு அது தாராளம். முதலாளிகள் சங்கமாவது மனசு வைக்கக் கூடாதா?

அதுவரை சும்மா இருப்பானேன் என்று, தமிழ் தெரிந்த ஒரு ஒடியாக்காரம்மாவைப் பிடித்தேன். நான் சொல்ல, அவர் தன் பாஷையில் செல்போனில் பேசிப் பதிவு செய்கிறார். அது அறைக்கு அறை போகிறது. பொட்டலம் கரைக்கும் விதம் போய்விட்டது. அடுத்து ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி. "நடுவுல ஒரு பாட்டும் வேணும்"னு அந்தப் பெண்களே கேட்டிருக்கிறார்கள். ஒடியாக்காரம்மா பாட ஒத்துக்கொண்டுவிட்டார்.