நுரையா, மின்சாரமா?

அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் மின்சார ஷேவரை விற்கத் தொடங்கியது 1931-இல். ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் சுழலும் கத்தி கொண்ட ஷேவருடன் 1939-இல் களமிறங்கியது. ஆனாலும் இந்தியக் குளியலறைகளில் கோலோச்சுவது பிளேடுதான்.

காரணம் விலை மட்டுமல்ல. தண்ணீரில் ஊறினால் முடி மென்மையாகிறது. பிளேடு அதைத் தோலை ஒட்டியே மழிக்கிறது. ஷேவரிலோ துளையிட்ட மெல்லிய தகடு ஒன்று தோலுக்கும் கத்திக்கும் குறுக்கே நிற்கிறது. வெட்டுக்காயம் குறைவு, வழவழப்பும் சற்றுக் குறைவு.

தண்ணீரே தட்டுப்பாடு என்றால்? ஜில்லெட் 2010-இல் இந்தியாவில் 15 ரூபாய்க்குக் கொண்டுவந்த 'கார்ட்' ரேஸர் அதற்கான பதில். தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரும் சிறு கண்ணாடியுமாகச் சவரம் செய்பவர்களைக் கவனித்து உருவாக்கப்பட்டது அது. ஒற்றை பிளேடு, குழாய்த் தண்ணீர் இல்லாமலே அலசிவிடலாம்.

மின்சாரம் ஜெயித்தது வேறொரு இடத்தில்: தாடி மோகம் வந்தபின் டிரிம்மர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மழிக்க அல்ல, மழிக்காமல் விட!

சலூனுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சர்ச்சையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் மூலம் பரவும். ஒருவருக்குப் போட்ட பிளேடே அதற்குப் போதும். பாதி பிளேடானாலும் கண்ணெதிரே புதிதாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.