தடுத்து நின்றவர், தலைமை ஏற்றவர்

அமெரிக்கக் கால்பந்தில் லெஃப்ட் டேக்கிளாக ஆடுபவரின் கைக்குப் பந்து வருவதே அபூர்வம். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவர்களை மறித்து நிற்க வேண்டும். பந்தோடு ஓடும் தன் அணிக்காரருக்கு வழி திறந்துவிட வேண்டும். அவர் சரியாக ஆடினால் கைதட்டல் வேறொருவருக்குப் போகும். அந்த இடத்தில் ஆர்ட் ஷெல்லை மிஞ்சியவர்கள் மிகச் சிலர்.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 1946இல் பிறந்தவர். 15 வயதில் தாயை இழந்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். 1968இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்து இடத்தில் ஜீன் அப்ஷா. இருவருமாக இடப்பக்கத்தை அடைத்து நின்றால் எதிரணி திணறிப்போகும்.

1977 ஜனவரியில் பாசடேனாவில் நடந்த பதினோராவது சூப்பர் பவுல் இறுதிப் போட்டியைப் பாருங்கள். மினசோட்டா வைக்கிங்ஸின் ஜிம் மார்ஷல் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. ஆனால் ஷெல்லுக்கு எதிரே நின்ற அன்று, அவர் ஒருவரையும் மடக்கிப் பிடித்ததாகப் பதிவேட்டில் இல்லை. ரெய்டர்ஸ் 266 கெஜம் ஓடியே கடந்து, 32-14 என வென்றது. ஷெல்லின் ஆட்டத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஓய்வுக்குப் பின் அதே அணியில் தடுப்பு வரிசைக்குப் பயிற்சியாளரானார். 1989 ஆகஸ்டில் புகழ்மண்டபத்தில் இடம். அக்டோபர் 3இல் தலைமைப் பயிற்சியாளர் பதவி. ஷெல் கறுப்பினத்தவர். அவருக்கு முன் அப்படியொருவர் அந்தப் பதவியில் இருந்தது 1920களில் ஃப்ரிட்ஸ் பொல்லார்டோடு சரி. அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் மேலாக தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரு கறுப்பினத்தவர்கூட அந்தப் பதவிக்கு வந்ததில்லை. களத்தில் ஆட அவர்கள் வேண்டும், அணியை நடத்த வேண்டாம் என்றிருந்த காலம் அது. நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தை ஷெல் 14-7 என வென்றார்.

அடுத்த ஆண்டே 12 வெற்றி, 4 தோல்வி. சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் பஃபலோவிடம் 51-3 என நொறுங்கியது பெரிய அடிதான். ஆனாலும் அணியை நிமிர்த்தியவர் அவரே. 1994 பருவத்தில் 9-7 என முடித்தும் நீக்கப்பட்டார். அதுவரை 54 வெற்றி, 38 தோல்வி. இந்தக் கணக்கு வைத்திருந்தவரை அடுத்த 11 ஆண்டுகள் எந்த அணியும் தலைமைப் பொறுப்பில் அமர்த்தவில்லை. கான்சாஸ் சிட்டியிலும் அட்லாண்டாவிலும் மறுபடி தடுப்பு வரிசைக்கே பயிற்சி கொடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் நேர்காணலுக்குச் சிறுபான்மையினரையும் அழைத்தாக வேண்டும் என்ற ரூனி விதி 2003இல்தான் வந்தது.

2006இல் ரெய்டர்ஸ் உரிமையாளர் ஆல் டேவிஸ் அவரைத் திரும்ப அழைத்தார். 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. ஒரே ஆண்டில் பதவி போனது. அந்த ஓராண்டை மட்டும் வைத்து ஷெல்லை எடைபோடுபவர்கள், அவருக்குக் கிடைக்காமல் போன 11 ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்கட்டும்.