கம்பஸில் வேலை: அது எந்த வேலை என்று கேளுங்கள்



"நம்ம புள்ளைக்கு யாழ்ப்பாணம் கம்பஸிலேயே வேலை கெடைச்சிருக்கு. இனிக் கவலை இல்லதானே?" என்று ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். சந்தோஷமான செய்திதான். ஆனால் எந்த வேலை, எத்தனை மாதத்துக்கு என்று நாங்கள் திருப்பிக் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. மலையகப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். நல்ல வகுப்பில் சித்தியடைந்த சிலரைப் படிப்பு முடிஞ்ச கையோடு வேலைக்கும் எடுக்கிறார்கள். அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது, தற்காலிக உதவி விரிவுரையாளர் அல்லது செய்முறை வகுப்புக்கு உதவுகிறவர். மாணவருக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, ஆய்வுகூடத்தை ஆயத்தம் செய்வது, ஒப்படைகளைத் திருத்துவது, பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்வது எல்லாம் இவர் வேலை. மாதச் சம்பளம் உண்டு. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்தால் வேலையும் முடியும். நம்ம பேச்சில் சொன்னால், செக்ரோலில் பேர் பதியாத கைக்காசு வேலை மாதிரி.

இரண்டாவது, ஆராய்ச்சி உதவியாளர். தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களில் ஒரு விரிவுரையாளருக்கு ஆய்வுப் பணம் கிடைத்தால், அதில் இவருக்குச் சம்பளம் வரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று சேருவது ஒரு பெரிய பிரச்சினை. அப்படியான ஆய்வென்றால் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்துக் கணக்கெழுத வேண்டும். ஆய்வுப் பணம் முடிந்தால் இந்த வேலையும் முடியும்.

மூன்றாவது, தகுதிகாண் விரிவுரையாளர். பேர் பதிஞ்ச வேலைக்கு இதுதான் வாசல். சாதாரணமாக முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, நேர்முகத்துக்கும் போக வேண்டும். இவர் விரிவுரை செய்வார், வினாத்தாள் தயாரிப்பார், சொந்தமாக ஆய்வும் செய்வார். கூடியது 8 வருஷத்துக்குள் ஆய்வுப் பட்டம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் வேலை நிலைக்காது. எடுத்தால் சிரேஷ்ட விரிவுரையாளர், பிறகு பேராசிரியர் என்று ஏறலாம்.

மேற்படிப்புக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கும். அதற்கு ஒப்பந்தம் எழுதிப் பிணையாளிகளும் கையெழுத்து வைக்க வேண்டும். திரும்பி வந்து சேவை செய்யாவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டிவரும். பிணைக்குக் கையெழுத்துக் கேட்டால் வாசித்துக் காட்டச் சொல்லிய பிறகே வையுங்கள்.

அந்த வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதியும் ஒரேயடியாக மேலே போனவரல்ல. தினகரன் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து, பின் விரிவுரையாளராகி, இங்கிலாந்து பர்மிங்காமில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்தவர்.

தற்காலிக வேலை என்பதற்காகப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அந்த அனுபவம் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி வீடு கட்டவோ நகை வாங்கவோ கடன் எடுக்காதீர்கள். நிரந்தர ஆசிரியர் நியமனம் வந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கைவிடவும் வேண்டாம். பிள்ளைகளும் அந்த ஒப்பந்தக் காலத்திலேயே முதுமாணிப் படிப்புக்குப் பதிய வேண்டும். ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிர்வாக சேவைப் பரீட்சைக்கு வயதெல்லை இருக்கிறது; அதையும் தவற விடக்கூடாது.

நியமனக் கடிதம் வந்ததும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது தற்காலிகமா, தகுதிகாண் நியமனமா? எந்தத் திகதியில் முடியும்? முடிந்த அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறாய்? மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்தத் தகப்பனாரைப் போல நீங்களும் சந்தோஷப்படலாம்.