ஐம்படைத்தாலியும் சாவகக் குறுவாளும்

படைக்கலம் பகைவரை வெல்லும் கருவி மட்டுமன்று. அணிந்தவரைத் தீங்கினின்று காக்கும் பொருளாகவும் அது பல நாடுகளில் போற்றப்பட்டு வந்துள்ளது. தமிழகத்தில் இதற்குச் சிறந்த சான்று ஐம்படைத்தாலி. காக்கும் கடவுளாகிய திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் சிற்றுருவாகச் செய்து குழந்தைகளுக்கு அணிவித்தனர். புறநானூற்றின் 77ஆம் பாடல், தாலி களையாத இளம் பருவத்திலேயே போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறது. அத்தாலி ஐம்படைத்தாலியே என்பர். பௌத்த காப்பியமாகிய மணிமேகலையும் ஐம்படை பூண்ட குழந்தைகளைக் காட்டுகிறது. பிள்ளையைக் காக்கும் கவலையில் சமய எல்லை குறுக்கிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஐம்படையின் இடத்தை இன்று தாயத்து பெற்றுள்ளது. இச்சொல் உருது வழியாக நம் மொழிக்கு வந்தது. அதன் குப்பிக்குள் இருப்பது எழுத்தும் எண்ணும் பொறித்த செப்புத் தகடாகவோ, திருக்குர்ஆன் வசனம் எழுதிய தாளாகவோ இருக்கலாம். தர்காவில் பெற்ற தாயத்தை இந்துத் தாய் தன் குழந்தையின் அரைஞாணில் கட்டுவது நாம் அறிந்ததே.

சாவகத் தீவின் கெரிஸ் என்னும் குறுவாளில் இக்கலப்பை இன்னும் தெளிவாகக் காணலாம். அதன் அலகு நேராகவோ, ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளைந்தோ இருக்கும்; சிலவற்றில் நாக உருவம் அமைந்திருக்கும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுக்கு கோயிலின் சிற்பமொன்றில் வீமன் கொல்லனாகப் படைக்கலம் வடிக்க, அருச்சுனன் துருத்தி இயக்க, இடையே பிள்ளையார் நிற்கிறார். இஸ்லாம் பரவிய பின்னரும் கெரிஸ் கைவிடப்படவில்லை. முகரத்துக்கு இணையான சூரோ மாதத்தில், வழிவழி வந்த வாள்களை நீராட்டும் வழக்கம் இன்றும் உண்டு. யுனெஸ்கோ 2005இல் கெரிஸை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

நிற்க. அந்நாட்டுத் திருச்சபையும் இவ்வினாவை எதிர்கொண்டது. 1924இல் மறைந்த சாவக நற்செய்தியாளர் சாத்ராக்கின் காராங்ஜோசோ ஆலய முகட்டில் சக்கரப் படை குறியீடாக வைக்கப்பட்டது. டச்சு மிஷனெரிகள் பலர் அவருடைய போதனையில் சமயக் கலப்பு உண்டென ஐயுற்றனர். குறியீட்டை மட்டும் நோக்கித் தீர்ப்பளிப்பது எளிது. அதைக் காண்பவர் எதன்மேல் நம்பிக்கை வைக்கிறார் என்று அறிவதே அரிது.

இதில் திருமறை நமக்கு இரு வழிகாட்டுதல்களைத் தருகிறது. எபேசுவில் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறும் மந்திர நூல்களை விசுவாசிகள் தாமே கொணர்ந்து எரித்தனர் (அப். 19), எவரும் அவற்றைப் பறிக்கவில்லை. மறுபுறம், கடவுளின் கட்டளைப்படி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே மக்கள் தூபங்காட்டியதால், எசேக்கியா அதனை உடைக்க நேர்ந்தது (2 இரா. 18). அயலாரின் பொருள் மட்டுமன்று, நம் திருப்பொருளும் தாயத்தாகிவிடக்கூடும்.

ஓரிக்கை போன்ற ஊர்களில் பணியாற்றும் ஆயர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஞானஸ்நானத்தன்று குழந்தையின் தாயத்தை அறுத்துவிட்டு, அதே கயிற்றில் சிலுவையைக் கட்டினால், மாறியது உலோகம் மட்டுமே. தாயின் அச்சம் மாறவில்லை. அடுத்த காய்ச்சலில் அவள் பழைய வாசலையே நாடுவாள். ஆதலின், கயிற்றைத் தொடுமுன் அவளுடைய அச்சத்தைக் கேட்டறிவோம். குழந்தை நோயுற்றால் மருத்துவரிடம் செல்லத் துணைநிற்போம். சபையாராக அவ்வீட்டில் கூடி மன்றாடுவோம். எபேசியருக்குப் பவுல் கூறிய சர்வாயுதவர்க்கம் உடலில் கட்டும் பொருளன்று. சத்தியமும் நீதியும் விசுவாசமுமே அப்படைக்கலங்கள். சபையின் அன்பில் இதனைக் கண்டுணரும் தாய், ஒருநாள் அக்கயிற்றைத் தானே அவிழ்ப்பாள்.