மேருவைத் தேடிச் சென்ற ஒளிப்படக் கலைஞர்

கம்போடியாவின் அங்கோர் வாட், இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கென எழுப்பிய பெருங்கோயில். மேற்கு நோக்கிய வாயில். நாற்புறமும் கடல் போன்ற அகழி. நடுவே தாமரை மொட்டுகளாய் ஐந்து கோபுரங்கள். பாற்கடல் கடைந்த வரலாறும், குருக்ஷேத்திரப் போரும், இலங்கைப் போரும் சுற்று மண்டபச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாக நீள்கின்றன. பிற்காலத்தில் பௌத்தத் துறவியர் அங்கே வழிபாட்டைத் தொடர்ந்தனர்.

இத்திருக்கோயிலைத் தொடக்க காலத்திலேயே ஒளிப்படங்களில் பதிவு செய்து உலகறியச் செய்தவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1837-இல் பிறந்த ஜான் தாம்சன். சிங்கப்பூரில் ஒளிப்பட நிலையம் நடத்திவந்த அவருக்கு, பிரெஞ்சுப் பயணி ஆன்ரி மூஓ எழுதிய குறிப்புகளைப் படித்தது முதல் அங்கோரைக் காணும் வேட்கை உண்டாயிற்று. எவரும் பணிக்கவில்லை, தாமாகவே முன்வந்தார்.

அக்காலத்தில் அங்கோர் சயாம் நாட்டின் ஆட்சியில் இருந்தது. எனவே பாங்காக் சென்று, 1866-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து புறப்பட்டார். பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த கென்னடி என்னும் நண்பர் உடன் சென்றார். வழியில் காட்டுக் காய்ச்சல் தாம்சனை வீழ்த்தியது. உயிருக்கே அஞ்சவேண்டிய நிலையிலும் அவர் திரும்பிவிட எண்ணவில்லை. உடல் தேறியதும் பயணத்தைத் தொடர்ந்தார்.

படமெடுப்பதும் ஒரு தவமாகவே இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவவேண்டும். வெப்ப நாட்டில் சற்றே தாமதித்தாலும் தகடு வீணாகிவிடும். கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் காட்டுவழியே உடையாமல் சுமந்து செல்வது வேறொரு சோதனை.

அவ்வாறு எடுத்த படங்களுள் 16 படங்கள் 1867-இல் எடின்பரோவில் நூலாக வெளிவந்தன. கோயிலின் அமைப்பு மேருமலையைக் குறிக்கிறது என்னும் கருத்தையும் தாம்சன் எழுதிவைத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தட்சிணமேரு எனப் போற்றும் அன்பர்களுக்கு இக்கருத்தின் அருமை எளிதில் விளங்கும். அவருடைய கண்ணாடித் தகடுகள் பல இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன.

பழைய படம் வெறும் நினைவுப்பொருள் அன்று, அது சாட்சி. எந்தத் தூண் நின்றது, எந்தச் சிற்பம் முழுமையாக இருந்தது என்பதைத் திருப்பணி செய்வோருக்கு அதுவே எடுத்துரைக்கும். அங்கோர் வாட்டில் 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறையும் புனரமைப்புப் பணியாற்றியது.

இன்று அயல்நாடுகளுக்குத் தொண்டாற்றச் செல்லும் இளைஞர் பலர் கையில் கேமராவும் இருக்கிறது. ஆலயத்தாரின் அனுமதி பெற்று, வழிபாட்டுக்கு இடையூறின்றிப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, ஒரு படியை அவ்வாலயத்திற்கே அளிக்குமாறு பெரியோர் அவர்களுக்கு அறிவுறுத்தலாம். விளக்கேற்றுவதும் மாலை தொடுப்பதும் போல, அழியும் உருவை அழியாமல் காப்பதும் இறைபணியே.