ஒளியின் அலைநீளமும் மீடிறனும்: ஊடகம் மாறும்போது எது மாறும்?

மாணவர்களே, அலைகள் பற்றிய பாடத்தில் நீங்கள் எல்லோரும் மனனம் செய்து வைத்திருக்கும் சமன்பாடு இது:

கதி = மீடிறன் × அலைநீளம்

வளியில் எல்லா நிற ஒளிக்கும் கதி ஏறத்தாழ 3 × 10⁸ மீற்றர்/செக்கன். எனவே அலைநீளம் கூடினால் மீடிறன் குறையும். சிவப்புக்கு அலைநீளம் கூட, மீடிறன் குறைவு. ஊதாவுக்கு மறுதலை. இதில் பெரும்பாலும் ஒருவரும் பிழை விடுவதில்லை. ஊடகம் மாறும் வினாவில்தான் புள்ளிகள் பறிபோகின்றன.

செம்மஞ்சள் வாளி ஒன்றைக் கிணற்றில் அமிழ்த்துங்கள். அந்த ஒளியின் அலைநீளம் வளியில் 600 நனோமீற்றர் எனக் கொள்வோம்.

மீடிறன் = (3 × 10⁸) ÷ (6 × 10⁻⁷) = 5 × 10¹⁴ ஹேட்ஸ்

நீரில் ஒளியின் கதி ஏறத்தாழ 2.25 × 10⁸ மீற்றர்/செக்கன். ஆகவே நீரில் அலைநீளம் 450 நனோமீற்றர். வளியில் 450 நனோமீற்றர் என்றால் அது நீல ஒளி! அப்படியானால் கிணற்றுக்குள் முழுகிக் கண்ணைத் திறந்தால் வாளி நீலமாகத் தெரியுமா? இல்லை, செம்மஞ்சளாகவே தெரியும். (நான் கலைப் பட்டதாரி. இந்தக் கணக்கை முதன்முதலில் செய்தபோது எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.)

கண் நிறத்தை அறிவது மீடிறனைக் கொண்டே. ஒளி முறிவடையும்போது மீடிறன் மாறாது. ஏன்? கண்டி வீதியால் வரிசையாக வரும் சைக்கிள்கள் கொடிகாமத்தில் ஒரு மணல் ஒழுங்கைக்குள் திரும்புவதாக எண்ணுங்கள். மணலில் கதி குறையும், சைக்கிள்களுக்கு இடையிலான தூரமும் சுருங்கும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை சைக்கிள் திரும்புகிறதோ அத்தனையே ஒழுங்கையாலும் போகும். இடைத்தூரம்தான் அலைநீளம், நிமிடத்துக்கான எண்ணிக்கைதான் மீடிறன்.

மீடிறன் மாறும் சந்தர்ப்பமும் உண்டு. 1928 இல் கல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதியின் மீடிறன் மாறியிருப்பதைக் கண்டனர். அதற்காக 1930 இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண முறிவிலேயே மீடிறன் மாறுவதாயின் அதற்குப் பரிசு எதற்கு?

பயிற்சி: வளியில் 480 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி, கதி 2 × 10⁸ மீற்றர்/செக்கன் ஆகவுள்ள கண்ணாடிக்குள் செல்கிறது. முதலில் வளியில் மீடிறனைக் காண்க (6.25 × 10¹⁴ ஹேட்ஸ்). அதையே கண்ணாடிக்கும் பயன்படுத்துக. விடை 320 நனோமீற்றர். அதைக் கண்டதும் "கழியூதா" என்று எழுதிவிடாதீர்கள். அது இன்னமும் நீல ஒளியே.